பேனா தந்தது, பேனா பறித்தது!

ஒரே ஒரு கையொப்பம்! ஏறக்குறைய அறுபது ஆண்டுக் காலம் நிலைத்து நின்ற ஆணை, அந்த ஒரு கையொப்பத்தில் சாய்ந்து வீழ்ந்தது.

2025-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள். டிரம்ப் இரண்டாம் முறையாக அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்ற மறுநாள். 1965-ல் ஜனாதிபதி ஜான்சன் பிறப்பித்த 11246-ஆம் எண் ஆணையை அவர் ரத்து செய்தார்.

என்ன சொன்னது அந்த ஆணை? சர்க்காரிடம் காண்ட்ராக்ட் பெறும் கம்பெனிகள், வேலைக்கு ஆள் எடுக்கையில் நிறம் பார்க்கக் கூடாது, மதம் பார்க்கக் கூடாது, பூர்வீக நாடு பார்க்கக் கூடாது என்றது. பார்க்காமலிருந்தால் மட்டும் போதாது, இத்தனை காலம் ஒதுக்கி வைத்தவர்களைத் தேடிப்பிடித்து வாய்ப்பளிக்கவும் வேண்டும் என்றது. 1967-ல் இன்னொரு ஆணையால் பெண்களுக்கும் அந்தப் பாதுகாப்பு நீட்டப்பட்டது. அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்த ஆணைக்கு உட்பட்ட கம்பெனிகளில் வேலை பார்த்தனர்.

"கடலுக்கு அப்பால் எங்கோ நடந்த காரியம். அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் தோழர்கள் இருக்கக்கூடும். சம்பந்தம் உண்டு, தோழர்களே! வேலை வாய்ப்பில் சமநீதி எப்படி வருகிறது, யார் கொண்டு வருகிறார்கள், வந்தது எப்படிக் கைநழுவிப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. அந்தப் பாடத்தில் முதலாளிக்கு மட்டுமல்ல, தொழிலாளிக்கும் சங்கத்திற்கும் சூடு உண்டு. அதனால்தான் எழுதுகிறோம்.

பெயரையும் பறித்தார்கள்!

புல்மன் கம்பெனி என்றொரு கம்பெனி. அமெரிக்க ரயில்களில் படுக்கை வண்டிகளை நடத்தி வந்த கம்பெனி. படுக்கை விரிக்க, பெட்டி தூக்க, பிரயாணிகளின் ஜோடுகளுக்கு மெருகேற்ற அவர்கள் கறுப்பர்களை வைத்திருந்தார்கள். கொடுத்த சம்பளம் சொற்பம். பிரயாணி தரும் இனாமை நம்பித்தான் குடும்பம். பெற்றோர் இட்ட பெயர்கூட அவர்களுக்கு நிலைக்கவில்லை. கம்பெனியை நிறுவியவர் ஜார்ஜ் புல்மன். ஆகவே பணியாள் யாராயினும் 'ஜார்ஜ்' என்றே பிரயாணிகள் கூப்பிட்டனர். அடிமையை எஜமானின் பெயரால் அழைத்த பழைய வழக்கம், அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பின்னும் ரயிலேறி வந்தது!

அந்தப் பணியாளர்கள் 1925-ல் சங்கம் கண்டார்கள். தலைமை தாங்க வந்தவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். அவர் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவரல்லர். அதனால் அவரை வேலையிலிருந்து நீக்கி மிரட்டக் கம்பெனியால் முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் பட்டினியும் பழிவாங்கலும் தாங்கி, 1937-ல் கம்பெனியைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். அந்தச் சங்கம்தான் அடுத்து நாட்டின் ஜனாதிபதியையே கையெழுத்துப் போட வைத்தது.

வரி உள்ளே, ஆள் வெளியே!

1941-ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் போர். அமெரிக்க ஆலைகளில் விமானமும் கப்பலும் பீரங்கியும் இரவு பகலாக உருவாயின. சர்க்கார் பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தது. ஆலை வாசலில் ஆள் தேவை என்ற பலகை தொங்கியது. கறுப்பர் போய் நின்றால்? கையில் கொடுத்தது துடைப்பம். பல இடங்களில் அதுவுமில்லை! அவர் கட்டிய வரிப்பணம் ஆலைக்குள் போகலாம். அவர் மட்டும் போகக் கூடாது!

ராண்டால்ஃப் ஓர் அறிவிப்பு விடுத்தார். ஜூலை முதல் நாள் தலைநகர் வாஷிங்டனை நோக்கிக் கறுப்பின மக்களின் அணிவகுப்பு! முதலில் பத்தாயிரம் பேர் என்றார். பிறகு ஒரு லட்சம் என்றார். ஹிட்லரின் இனவெறியைக் கண்டித்துப் பேசிக்கொண்டிருந்த நாட்டின் தலைநகரில், தன் நாட்டு இனவெறியைக் கண்டித்து ஒரு லட்சம் பேர் நடந்தால் உலகம் என்ன நினைக்கும்? ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஜூன் 18-ஆம் நாள் ராண்டால்ஃபை அழைத்துப் பேசினார். அணிவகுப்பை நிறுத்தச் சொன்னார். ஆணை வந்தால் நிற்கும், இல்லையேல் நடக்கும் என்று உறுதியாக நின்றார் சங்கத் தலைவர்.

ஜூன் 25-ஆம் நாள் ஆணை வந்தது. எண் 8802. போர்த் தளவாட ஆலைகளிலும் சர்க்கார் உத்தியோகங்களிலும் இனம், சமயம், நிறம், பூர்வீகம் பார்த்து யாரையும் ஒதுக்கலாகாது. முறையீடுகளை விசாரிக்க ஒரு குழு.

எவருடைய கருணையாலும் வந்ததல்ல இந்த ஆணை. நடக்கத் தயாராக நின்ற கால்கள் கொண்டு வந்தவை அதன் ஒவ்வொரு வரியும். ஆனால் ஒரு குறை. அந்த ஆணையில் பெண் என்ற சொல் இல்லை. போர்க்காலத்தில் பெண்கள் லட்சக்கணக்கில் ஆலைகளுக்கு அழைக்கப்பட்டார்கள். தகடு அடித்தார்கள், இரும்பைப் பற்றவைத்தார்கள். போர் முடிந்தது. "வீட்டுக்குப் போ!" என்றார்கள்.

யாருக்கு எதிராக வேலை நிறுத்தம்?

1944 ஆகஸ்டு முதல் நாள். பிலடெல்பியா நகரத்தில் டிராம் ஓடவில்லை, பஸ் ஓடவில்லை. வேலை நிறுத்தம்! கூலி உயர்வுக்காகவா? வேலை நேரக் குறைப்புக்காகவா? இல்லை, தோழர்களே, இல்லை! எட்டுக் கறுப்பர்களை டிராம் ஓட்டும் வேலைக்குப் பழக்கத் தொடங்கினார்கள் என்பதற்காக! கழுவும் வேலையும் பழுதுபார்க்கும் வேலையும் செய்து வந்தவர்கள் ஓட்டுநர் இடத்தில் உட்காரலாமா என்று கேட்டு, வெள்ளைத் தொழிலாளர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். தொழிலாளி வர்க்கத்தின் தூய ஆயுதம் தொழிலாளிக்கு எதிராகவே தூக்கப்பட்டது.

அங்கே அப்போதுதான் தேர்தலில் வென்று வந்திருந்த போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் இந்த வேலை நிறுத்தத்தை எதிர்த்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரூஸ்வெல்ட் ஐயாயிரம் துருப்புகளை அனுப்பினார். ஒரு வாரத்திற்குள் வண்டிகள் ஓடின, கறுப்பர்களும் ஓட்டினார்கள். எந்த வானமும் இடிந்து விழவில்லை!

ஆனால் போர் முடிந்ததும் என்ன ஆயிற்று? காங்கிரஸ் எனப்படும் அமெரிக்கப் பாராளுமன்றம் அந்த விசாரணைக் குழுவுக்குப் பணம் தர மறுத்தது. 1946-ல் குழு கலைந்தது. ஆணையால் பிறந்தது, ஐந்தாண்டில் முடிந்தது. இது முதல் எச்சரிக்கை.

சிரிப்பொலியில் நுழைந்த உரிமை

இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 1963 ஆகஸ்டு 28-ல் அந்த அணிவகுப்பு நடந்தே விட்டது! வாஷிங்டனில் சுமார் இரண்டரை லட்சம் மக்கள் திரண்டனர். மார்ட்டின் லூதர் கிங்கின் புகழ்பெற்ற உரையை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்த அணிவகுப்பின் பெயரில் 'சுதந்திரம்' என்பதற்கு முன்னால் 'வேலை' என்ற சொல் இருந்ததைப் பலரும் மறந்து விடுகிறார்கள். முதலில் பேசியவர் யார் தெரியுமா? 74 வயது ராண்டால்ஃப்!

அடுத்த ஆண்டு, 1964 ஜூலை 2-ஆம் நாள், சிவில் உரிமைச் சட்டம் பிறந்தது. அதன் ஏழாம் பகுதி வேலை வாய்ப்பில் பாகுபாட்டைத் தடை செய்தது. அந்தப் பகுதியில் பெண் நுழைந்த கதை வேடிக்கையானது. வர்ஜீனியா மாகாணத்து ஹோவர்ட் ஸ்மித் என்பவர் சிவில் உரிமைச் சட்டத்தையே எதிர்த்தவர். அவர் எழுந்து, ஆண் பெண் என்ற பேதமும் கூடாதென்று ஒரு திருத்தம் கொண்டு வந்தார். சபை சிரித்தது! சட்டத்தைக் கவிழ்க்கத்தான் இந்தத் தந்திரம் என்று பலரும் எண்ணினர். ஆனால் மார்த்தா கிரிஃபித்ஸ் போன்ற பெண் உறுப்பினர்கள் சிரிக்கவில்லை. எழுந்து நின்று வாதாடினார்கள். 168-க்கு 133 என்ற வாக்கில் திருத்தம் நிறைவேறியது. சிரித்தவர்கள் வாய் மூடினார்கள்.

அந்நாளில் அமெரிக்கப் பத்திரிகைகளில் வேலை விளம்பரங்கள் இரண்டு பத்திகளாக வரும். ஒன்று ஆண்களுக்கு, மற்றது பெண்களுக்கு. மானேஜர் வேலை முதல் பத்தியில். டைப் அடிக்கும் வேலை இரண்டாம் பத்தியில். ஆண் ஒரு டாலர் வாங்கும் இடத்தில் பெண்ணுக்குக் கிடைத்தது 59 சென்ட். சட்டம் வந்த பிறகும் அந்த இரு பத்திகள் உடனே மறையவில்லை. 1973-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லும் வரை வழக்காடினார்கள். ஏட்டில் எழுதிய சட்டம் வீட்டு வாசலுக்கு வந்து சேர ஒன்பது ஆண்டுகள்!

'தகுதி' என்னும் தாழ்ப்பாள்

சட்டம் வந்ததும் முதலாளிகள் திருந்தி விட்டார்களா? வடக்கு கரோலினா மாகாணத்தில் டியூக் பவர் கம்பெனியின் மின்சார நிலையத்தைப் பாருங்கள். 95 தொழிலாளர்கள், அவர்களில் கறுப்பர் 14 பேர். ஐந்து பகுதிகள் இருந்தும், கறுப்பருக்கு விட்டது ஒரே பகுதி. கூட்டுவதும் துடைப்பதும்தான் அங்கே வேலை. அந்தப் பகுதியில் மிக அதிகச் சம்பளம் வாங்கியவர், மற்றப் பகுதிகளில் மிகக் குறைந்த சம்பளம் வாங்கியவரைவிடக் குறைவாகவே வாங்கினார்!

1965 ஜூலை 2-ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் கம்பெனி புதிய பரீட்சைகளை அறிவித்தது! இனி நிறம் பார்க்க மாட்டோம், தகுதிதான் பார்ப்போம் என்றார்கள். நிலக்கரி கையாளும் பகுதிக்கு மாற வேண்டுமா? உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கொண்டு வா, அல்லது பரீட்சையில் தேறு! நல்ல பள்ளிக்கூடத்தின் வாசலையே காட்டாமல் வளர்த்த மக்களிடம் கேட்டார்கள் இந்தச் சான்றிதழை. அதே பகுதியில், சான்றிதழும் இல்லாமல் பரீட்சையும் எழுதாமல் முன்பே சேர்ந்த வெள்ளையர்கள் நன்றாகவே வேலை பார்த்து வந்தார்கள். கரிக்கு அல்ஜீப்ரா தெரியுமா என்ன?

பதிமூன்று தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1971 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வேலைக்குத் தேவையில்லாத பரீட்சை, வெளித்தோற்றத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும், ஒரு சாராரை வெளியே தள்ளுமானால் அது சட்ட விரோதம் என்பது தீர்ப்பின் சாரம். தகுதி வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. எந்த வேலைக்கு எந்தத் தகுதி என்பதைக் காட்டு என்றுதான் கேட்டார்கள். காட்ட முடியவில்லை!

சங்கத்தின் கதவும் சாத்தியிருந்தது

இனி, கசப்பான பகுதிக்கு வருகிறோம். மீண்டும் பிலடெல்பியா. சர்க்கார் செலவில் பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பின. மண் வெட்ட, சுமை தூக்கக் கறுப்பர்கள் ஏராளம். ஆனால் இரும்புச் சட்டம் கட்டுவது, குழாய் போடுவது, மின்சாரக் கம்பி இழுப்பது, தகடு வேலை, லிஃப்ட் பொருத்துவது என்று நல்ல கூலி தரும் தொழில்களில்? நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை!

காரணம் காண்ட்ராக்டர் மட்டுந்தானா? அங்கே முறை இது. காண்ட்ராக்டருக்கு ஆள் வேண்டுமென்றால் சங்க ஆபீசுக்குச் சொல்லி அனுப்புவார். சங்கம் தன் உறுப்பினரை அனுப்பும். உறுப்பினராக வேண்டுமென்றால் தொழில் பழக இடம் வேண்டும். அந்த இடம் உறுப்பினரின் மகனுக்கு, மருமகனுக்கு, தம்பிக்கு! முதலாளியின் கொடுமையை எதிர்க்கக் கட்டிய கோட்டை, சகோதரத் தொழிலாளி உள்ளே வராமல் தடுக்கும் மதிலாகி விட்டது.

1969-ல் நிக்சன் சர்க்கார் ஒரு திட்டம் போட்டது. அதை முன்னின்று நடத்தியவர் தொழில் இலாகாவின் துணைச் செயலாளர் ஆர்தர் ஃபிளெட்சர் என்ற கறுப்பர். சர்க்கார் காண்ட்ராக்ட் வேண்டுமா? இத்தனை ஆண்டில் இத்தனை பேரைச் சேர்க்க முயல்வேன் என்று எழுதிக் கொடு! இரும்புச் சட்ட வேலையில் 1970-ல் நூற்றுக்கு 5 முதல் 9 பேர். 1973-ல் 22 முதல் 26 பேர். காண்ட்ராக்டர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள்.

நிக்சனைத் தொழிலாளர் நண்பரென்று நாம் சொல்ல வரவில்லை. சங்கங்களையும் கறுப்பின மக்களையும் மோத விட்டு வேடிக்கை பார்க்கும் எண்ணம் அவருக்கு உண்டென்று அப்போதே பேசப்பட்டது. இருக்கட்டும். மோத விட இடம் கொடுத்தது யார்? கதவைச் சாத்தி வைத்தவர்கள் அல்லவா? சங்கமே முன்வந்து கதவைத் திறந்திருந்தால் நிக்சனுக்கு அங்கே என்ன வேலை? நாம் செய்யத் தவறிய நீதியை எதிரி செய்தால், பெயரும் அவனுக்குப் போகும். ஆட்களும் அவனோடு போவார்கள். இதைத் தோழர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பெண்களுக்கும் இதே கதைதான். டெலிபோன் கம்பெனியில் 'நம்பர் ப்ளீஸ்' என்று கேட்கும் ஆபரேட்டர் பெண். கம்பம் ஏறிக் கூடுதல் கூலி வாங்குகிறவர் ஆண். 1973 ஜனவரியில் ஏ.டி.அண்டு டி. கம்பெனி சர்க்காருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, இழந்த சம்பளத்திற்கு ஈடாக ஒன்றரைக் கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பெரும்பகுதி பெண்களுக்குப் போயிற்று. பெண்கள் கம்பம் ஏறினார்கள். ஆண்கள் ஆபரேட்டர் ஆனார்கள். டெலிபோன் மணி வழக்கம்போலவே அடித்தது!

"என் வேலை போய்விடுமே!"

இந்த அச்சம் உண்மையானது. ஆணாய்ப் பிறந்த, பெரும்பான்மையில் பிறந்த ஏழைத் தொழிலாளி கேட்கிறார்: "அவர்களுக்கு இடம் கொடுத்தால் என் கதி என்ன?" கேலி செய்து ஒதுக்கக் கூடிய கேள்வியல்ல இது. விடை சொல்வோம்.

லூசியானா மாகாணத்தில் கைசர் அலுமினிய ஆலை. சுற்றுவட்டாரத் தொழிலாளரில் நூற்றுக்கு 39 பேர் கறுப்பர். ஆலையின் கைத்திறன் வேலையிலோ 273 பேரில் ஐந்தே பேர்! இங்கே இரும்புத் தொழிலாளர் சங்கம் முன்வந்தது. 1974-ல் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தது. இனி கைத்திறன் வேலைக்கு வெளியிலிருந்து ஆள் கொண்டு வருவதில்லை. ஆலையில் இருக்கும் சாதாரணத் தொழிலாளிக்கே பயிற்சி கொடுத்து ஏற்றுவது. பயிற்சி இடத்தில் பாதி கறுப்பருக்கு, பாதி வெள்ளையருக்கு. முதல் ஆண்டில் பதிமூன்று பேர்: ஏழு கறுப்பர், ஆறு வெள்ளையர்.

இடம் கிடைக்காத ஒரு வெள்ளைத் தொழிலாளி வழக்குத் தொடர்ந்தார். 1979-ல் சுப்ரீம் கோர்ட் சங்கத்தின் பக்கம் நின்றது. அந்த ஆறு வெள்ளையரைப் பாருங்கள்! அதற்கு முன்னால் அவர்களுக்கும் அந்தப் பயிற்சி கிடையாது. கறுப்பருக்காகத் திறந்த கதவு வழியே வெள்ளை ஏழையும் உள்ளே போனார். வேலையைப் பறிப்பவர் பக்கத்தில் நிற்கும் கறுப்பரோ பெண்ணோ அல்லர். பயிற்சியே தராமல், குறைந்த கூலிக்கு ஒருவரை ஒதுக்கி வைத்து, அவரைக் காட்டி மற்றவர் கூலியையும் அமுக்கும் முறைதான்.

நின்றது எது? போனது எது?

இப்போது 2025-க்குத் திரும்புவோம். ஜான்சனின் ஆணை போயிற்று. 1964-ன் சட்டம் போயிற்றா? போகவில்லை. ஊனமுற்றோருக்கு வாய்ப்பளிக்கச் சர்க்கார் காண்ட்ராக்டர்களைக் கட்டாயப்படுத்தும் 1973-ன் சட்டம் போயிற்றா? போகவில்லை. ஏன்? அவை பாராளுமன்றம் இயற்றியவை. ஜனாதிபதியின் பேனா தந்ததை ஜனாதிபதியின் பேனா பறிக்கலாம். சபை இயற்றியதைச் சபைதான் மாற்ற வேண்டும்.

அப்படியானால் நஷ்டம் ஒன்றுமில்லையா? உண்டு. பெரிய நஷ்டம்! சட்டம் பெரும்பாலும் முறையீட்டுக்காகக் காத்திருக்கிறது. ஒதுக்கப்பட்டவர் தாமே வந்து, சான்று காட்டி, வழக்காட வேண்டும். அன்றாடங்காய்ச்சிக்கு அது எளிதா? ஆணையோ காத்திருக்கவில்லை. சர்க்கார் அதிகாரி கம்பெனிக்குப் போய்ப் பேரேட்டைக் கேட்டார்: எத்தனை பெண்கள்? எத்தனை கறுப்பர்? எந்த வேலையில்? என்ன சம்பளம்? குறை இருந்தால் திருத்து, இல்லையேல் காண்ட்ராக்ட் இல்லை என்றார். கேட்கும் அந்த வாயைத்தான் இப்போது மூடியிருக்கிறார்கள்.

2023-ல் அமெரிக்கப் பெண் முழுநேர வேலையில் வாங்கியது, ஆணின் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 83 சென்ட். அறுபது ஆண்டில் 59 என்பது 83 ஆயிற்று. மீதிப் பதினேழு சென்ட் தானாக வருமா?

ஆகவே நாம் சொல்வது இது. ஆணை வந்ததும் ஆனந்தப்பட்டு அமர்ந்து விடாதீர்கள். அதைச் சட்டமாக்கும் வரை ஓயாதீர்கள். சட்டம் வந்ததும் ஓயாதீர்கள். பேரேட்டைத் திறந்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணாத சமநீதி ஏட்டுச் சுரைக்காய். எல்லாவற்றுக்கும் முன்னால், நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை நாமே எடுத்து எண்ணிப் பார்ப்போம். எத்தனை பெண்கள்? ஒதுக்கப்பட்ட பிரிவினர், சிறுபான்மையினர் எத்தனை பேர்? நிர்வாகக் குழுவில் எத்தனை பேர்?

விடை நமக்குத் தலைகுனிவைத் தருமானால், நிமிர வழியும் நம் கையிலேயே இருக்கிறது. கதவைத் திறப்போம்! உள்ளே வருகிறவர் நம் பங்கைக் குறைக்க வரவில்லை. நம் அணியைப் பெருக்க வருகிறார். ராண்டால்ஃபிடம் பேனா இல்லை, பட்டாளம் இல்லை. நடக்கத் தயாரான ஒரு லட்சம் பேரின் கால்கள்தான் இருந்தன. ஜனாதிபதியின் பேனாவை அசைத்தவை அவை!